மறுமொழி: ‘கோலோகேஷன்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு சொல்லோடு எந்தச் சொல் இயல்பாகச் சேர்ந்து வரும் என்ற உறவை ஆங்கிலத்தில் ‘கோலோகேஷன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் என்ன என்று குழுவில் கேட்கப்பட்டதற்கு, சொற்சேர்க்கை, இணைமொழி, உடன்வருசொல் என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மூன்றுமே எனக்கு நிறைவளிக்கவில்லை. இந்தக் கலைச்சொல் எங்கே தேவைப்படுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உயர்நிலை மூன்றில் படிக்கும் மாணவி ஒருத்தி துணைப்பாட வகுப்புக்குக் கடினமான ஆங்கிலச் சொற்களின் பட்டியலோடு வந்தாள். ‘இராடிகேட்’ என்றால் அடியோடு ஒழித்தல் என்று தடுமாறாமல் ஒப்பித்தாள். வாக்கியம் எழுதச் சொன்னேன். சீருடையில் பட்ட மைக்கறையை ‘இராடிகேட்’ செய்துவிட்டாளாம்! இலக்கணத்தில் குறையில்லை, அகராதிப் பொருளும் பொருந்துகிறது. ஆனாலும் காதில் உறுத்துகிறது. அந்த வினை நோய், வறுமை, ஊழல் போன்றவற்றோடு வருவது. கறைக்கு ‘ரிமூவ்’ போதும். அதையே தமிழில் சொல்லச் சொன்னேன். ‘கறையைப் போக்கினேன்’ என்றாள். ‘கறையை ஒழித்தேன்’ என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டதும் சிரித்துவிட்டாள்.

தாகத்தைத் தணிக்கிறோம், விளக்கை அணைக்கிறோம், வறுமையை ஒழிக்கிறோம். (ஒழித்தோமா என்பது வேறு கதை.) எதோடு எது வரும் என்பதை எந்தப் பொருள் விளக்கமும் முழுமையாகச் சொல்லிவிடாது, எடுத்துக்காட்டு வாக்கியம்தான் காட்டும். ஒரு சொல்லை அது பழகும் கூட்டத்தைக் கொண்டே அறியலாம் என்று மொழியியலாளர் ஃபர்த் 1957இல் எழுதியது இதைத்தான். 1987இல் வந்த கோபில்ட் ஆங்கில அகராதி இன்னும் ஒரு படி மேலே போய், பொருள் விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதியது.

இனி பரிந்துரைகளுக்கு வருகிறேன். ‘இணைமொழி’ அறவே வேண்டாம். சிங்கப்பூர் மாணவர்களுக்கு இணைமொழி என்றால் ‘அல்லும் பகலும்’, ‘பேரும் புகழும்’. தமிழ் வகுப்பில் ஒரு பொருள், ஆங்கில வகுப்பில் வேறு பொருள் என்றால் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள். ‘சொற்சேர்க்கை’ எந்த இரண்டு சொல் சேர்ந்தாலும் பொருந்தும். ‘உடன்வருசொல்’ கூட வரும் சொல்லைக் குறிக்கிறதே தவிர, அந்த உறவைக் குறிக்கவில்லை.

‘வினைமரபு இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. எந்தப் பெயரோடு எந்த வினை வர வேண்டும் என்ற வழக்கே வினைமரபு. பூப் பறித்தல், கூடை முடைதல், சுவர் எழுப்புதல் எல்லாம் இந்த வகைதான். ‘எப்பொருள் எச்சொலின் எவ்வாறு உயர்ந்தோர் செப்பினர் அப்படிச் செப்புதல் மரபே’ என்ற நன்னூல் நூற்பாவை அப்படியே இதற்கு வரையறையாக வைக்கலாம். ஆனால் வினைமரபு வினையோடு நின்றுவிடுகிறது. தேநீர் ‘ஸ்ட்ராங்’, இயந்திரம் ‘பவர்ஃபுல்’ என்பதுபோல, பெயருக்கு ஏற்ற அடைமொழியை எந்தக் கணக்கில் சேர்ப்பது? வெறும் ‘மரபு’ என்றாலோ மரபுத்தொடரோடு மோதும்.

என் பரிந்துரை: சொல்லிணக்கம். நல்லிணக்கம் என்ற சொல் இங்கே எல்லாருக்கும் பழக்கமானது. ஆண்டுதோறும் ஜூலை 21இல் பள்ளிகளில் இன நல்லிணக்க நாள் கொண்டாடுகிறோம். வினையாகவும் எளிதில் வளைகிறது: ‘கறை இந்த வினையோடு இணங்காது.’ கூட வரும் சொல்லை ‘இணங்குசொல்’ எனலாம். சட்டத் தமிழில் இணக்கம் வேறு பொருளில் வழங்குவது உண்மை. முன்னால் ‘சொல்’ நிற்பதால் மயக்கம் வராது. ‘இயைபு’ என்று வைக்கலாமா என்றும் பார்த்தேன். எழுவாய்–பயனிலைப் பொருத்தம் அதை முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது.

அகராதிப் பதிவில் இப்படி அமையும்:

இராடிகேட் (வினை): வேரோடு ஒழி. இணங்குசொற்கள்: நோய், வறுமை, ஊழல்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. ‘ரீக்’ (விளைவி) என்ற வினை ‘ஹாவக்’ (பெருநாசம்) போன்ற ஓரிரு சொற்களைத் தவிர வேறெதோடும் அனேகமாக வருவதில்லை. இத்தகைய இறுக்கமான உறவுக்குத் தனிச்சொல் வேண்டுமா, ‘இறுகிய சொல்லிணக்கம்’ என்றால் போதுமா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.