புதுப்பிப்பு: லேக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பாதையில் கல் பதிப்பு

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டில் ஒரு சரிவுப் பாதையை மழைநீர் அரித்து ஓடையாக்கிவிட்டது என்று முன்பு எழுதியிருந்தேன். தன்னார்வலர்கள் இப்போது அங்கே கல் பதித்துவிட்டார்கள்.

வேலை கீழிருந்து மேலே போகும். கல்லின் நீளவாட்டு மண்ணுக்குள் இறங்க வேண்டும்; தட்டையான முகம் மட்டும் மேலே. படுக்கவைத்த கல் சீக்கிரமே ஆடிவிடும். இணைப்புகள் செங்கல் கட்டுபோல விலகி நிற்கட்டும், நேர்கோட்டு இடுக்கு கிடைத்தால் நீர் அதையே வாய்க்காலாக்கும். சந்துகளில் சில்லுக் கற்களைச் சுத்தியலால் இறுக்க வேண்டும். சிமென்ட் வேண்டாம், உறைபனியில் வெடிக்கும்.

இதில் உயிர்நாடி, பாதையில் ஓடிவரும் நீரைப் பக்கவாட்டில் வெளியேற்றும் குறுக்கு வடிகால்தான். பாதைக்கு நேர்குறுக்காக வைத்தால் வண்டல் அடைக்கும். சாய்வாக வைத்தால் நீரே கழுவிவிடும். இரு முனைகளும் பாதை விளிம்பைத் தாண்டி நீள வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் சுற்றிவந்து மறுபடி பாதையிலேயே இறங்கும். அடுத்த வேலை, இலையுதிர்கால மழைக்கு முன் வடிகால் வாய்களை மண்வெட்டியால் திறந்துவிடுவது.