சீலியாக் உள்ளவர்களுக்கு நற்கருணை: வழி சொல்லுங்கள்

உணவியலாளர்கள், பீடப்பணி செய்பவர்கள் உதவ வேண்டும். சீலியாக் நோயில் கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைக் கெடுக்கும்; அதனால் கோதுமை ஆகாது. கத்தோலிக்கத் திருப்பலியில் நற்கருணையாகத் தருவதோ கோதுமை அப்பம்தான். குளூட்டன் அறவே இல்லாத அப்பம் செல்லாது, குறைந்த குளூட்டன் அப்பம் செல்லும் என்று ரோம் 2003-லும் 2017-லும் சொல்லிவிட்டது. அதில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லையென்றால், கோடெக்ஸ் என்ற உலக உணவுத் தர விதிகளின் கணக்கில் அது 'குளூட்டன் இல்லாத' உணவுதான்.

சிக்கல் பரிமாறுவதில். மற்ற அப்பங்களோடு ஒரே பாத்திரத்தில் வைத்தால் துகள் ஒட்டும். குருவின் விரலிலும் இருக்கும். திராட்சை இரசம் மட்டும் வாங்கலாமென்றால், பெரிய கிண்ணத்தில் குரு அப்பத்துண்டைப் போட்டுவிடுவார். ஆகவே தனிக் கிண்ணம், மூடியுள்ள தனிச் சிமிழ்.

தமிழ்நாட்டில் ஆய்வகத்தில் அளந்த குளூட்டன் அளவை உறையில் அச்சிட்ட அப்பம் எங்கே கிடைக்கும்? மக்களுக்கு இரசம் வழங்காத பங்குக் கோயில்களில் தனிக் கிண்ணத்துக்கு யாரிடம், எப்படிக் கேட்கிறீர்கள்?