கல்லூரியில் பார்த்த பேஸ்பால் பையன்களை மைனர் லீக்கில் தேடிப் போனவர்கள் உண்டா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ராலே, வட கரோலினா

நான் 2012 ஆகஸ்டில் எம்.எஸ். படிக்க என்.சி. ஸ்டேட் பல்கலைக்கழகம் வந்தேன். பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாது. அடுத்த வசந்தத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அறைக்குத் திரும்பும் வழியில் எங்கள் கல்லூரி மைதானமான டோக் ஃபீல்டில் விளக்குகள் எரிந்தன. மாணவர் அட்டையைக் காட்டினேன், உள்ளே விட்டார்கள். அந்த வருஷ அணியில் பின்னாளில் பெரிய ஆட்டக்காரர்களான கார்லோஸ் ரோடானும் ட்ரே டர்னரும் இருந்தார்கள். அது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று புரியவே எனக்கு ஒரு வருஷம் ஆனது.

கல்லூரி ஆட்டத்தில் வெள்ளி, சனி, ஞாயிறு என்று ஒரே எதிரணியோடு மூன்று நாள் மோதுவார்கள். முதல்தரமான பிட்சர் வெள்ளிக்கிழமை வீசுவார். அதனால் என் வெள்ளி மாலைகள் ரோடானுடையவை ஆகிவிட்டன. 2013 மே மாதம் டர்ஹாமில் நடந்த ஏசிசி (எங்கள் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு) தொடரில் வட கரோலினா பல்கலைக்கழகத்தோடு மோதிய ஆட்டத்துக்கு நண்பர்களோடு போனேன். பதினோராயிரம் பேருக்கு மேல் கூட்டம். ரோடான் பத்து இன்னிங்ஸ் வீசினார், 14 பேரை ஸ்ட்ரைக்அவுட் (மட்டைக்காரரை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுவது) செய்தார், ஒரே ஒரு ஹிட்தான் (எதிரணி அடித்து பேஸை எட்டுவது) கொடுத்தார். வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸில் முடியும் ஆட்டம், அப்படியும் முடிவு வரவில்லை. பதினெட்டாவது இன்னிங்ஸில், நள்ளிரவு தாண்டி, 2-1 என்று தோற்றோம். வீட்டுக்கு வரும்போது யாரும் பேசவில்லை. அன்றைக்குத்தான் நான் முழு ரசிகன் ஆனேன்.

2014 டிராஃப்டில், அதாவது அணிகள் வரிசையாக இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், ரோடான் மூன்றாவது ஆளாகவும் டர்னர் பதின்மூன்றாவது ஆளாகவும் போனார்கள். இருவரும் அடுத்த வருஷமே மேஜர் லீக், அதாவது உச்ச மட்டத் தொழில்முறை ஆட்டத்துக்கு, வந்துவிட்டார்கள். எல்லோருக்கும் இப்படித்தான் நடக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். அது தப்பு. அந்த இருவரும் விதிவிலக்கு. மற்றவர்களைப் பின்தொடர்ந்தபோதுதான் உண்மை தெரிந்தது.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: டிராஃப்ட் ஆனவுடன் பையன் பெரிய அணிக்குப் போவதில்லை. கீழே பயிற்சி மைதான லீக், பிறகு சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ. இவை எல்லாம் சேர்ந்ததுதான் மைனர் லீக். ஒவ்வொரு படியிலும் பாதிப் பேர் காணாமல் போவதுபோலத் தோன்றும். எங்கள் கல்லூரியின் வில் வில்சன் 2019ல் முதல் சுற்றில் பதினைந்தாவது ஆளாக ஏஞ்சல்ஸ் அணிக்குப் போனார். அதே டிசம்பரில், ஒரு மூத்த ஆட்டக்காரரின் பெரிய சம்பளத்தைத் தலையிலிருந்து இறக்கிவைக்க அணி செய்த பேரத்தில், இவரையும் சேர்த்து ஜயன்ட்ஸ் அணிக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருஷம் கொரோனாவால் மைனர் லீக் சீசனே நடக்கவில்லை. 2025ல்தான் கிளீவ்லாண்டு அணிக்காக மேஜர் லீக்கில் கால் வைத்தார். அந்த ஆறு வருஷமும் அவர் பெயரை அன்றாட ஸ்கோர் அட்டையில் தேடிக்கொண்டிருந்தவன் நான். அவர் பெயர் முதல்முறை அங்கே வந்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

ஆனால் நான் இதை எழுதக் காரணம் இந்தப் பெயர்கள் இல்லை. 2017 கோடையில் ஸெபுலான் ஊரில் மட்கேட்ஸ் என்ற மைனர் லீக் அணியின் ஆட்டம் பார்க்கப் போயிருந்தேன். தலையில் எங்கள் கல்லூரியின் சிவப்புத் தொப்பி. ஆட்டம் தொடங்க இன்னும் நேரம் இருந்தது. எதிரணி பிட்சர் ஒருவர் வேலிக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தவர், தொப்பியைப் பார்த்ததும் நின்றார். "டோக்குக்கு வருவீர்களா?" என்று கேட்டார். வருவேன் என்றேன். மூன்றாவது பேஸ் பக்கம் உட்காருவேன், மழையில் நீங்கள் எட்டாவது இன்னிங்ஸில் வந்து மூன்று பேரையும் வெளியேற்றியது நினைவிருக்கிறது என்றேன். அவர் முகம் மாறியதை எப்படிச் சொல்வது? கல்லூரியில் அவர் பெரிய நட்சத்திரம் இல்லை. நடுவில் வந்து ஓர் இன்னிங்ஸ் வீசிப் போகிறவர். அந்த ஓர் இன்னிங்ஸை நினைவில் வைத்திருக்கும் ஆள், ஊர் பேர் தெரியாத மைதானத்தில் வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிறான். பத்து நிமிஷம் பேசினார். அப்பா அம்மாவால் அந்த வாரம் வர முடியவில்லையாம். அவர் வீசுவதைப் படம் எடுத்து அவர்களுக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டு எண் கொடுத்தார். எடுத்து அனுப்பினேன். அவர் அம்மா எழுதிய பதில் இன்னும் என் கைபேசியில் இருக்கிறது.

மறு வருஷம் மார்ச்சில் அணி மாற்றங்கள் பட்டியலில் ஒரே வரி. பெயர், பக்கத்தில் விடுவிக்கப்பட்டார் என்ற சொல். அவ்வளவுதான்.

உங்களில் யாருக்காவது இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.


சார்லட், வட கரோலினா

நான் எந்தக் கல்லூரிக்கும் ரசிகன் இல்லை. ஆனால் ஒரே ஒரு பையனை விடாமல் பின்தொடர்ந்தேன், அவர் பெயருக்காக. குமார் ராக்கர், பிட்சர். அப்பா ட்ரேசி ராக்கர் அமெரிக்கக் கால்பந்தில் பெரிய பெயர். அம்மா லலிதா, இந்தியாவிலிருந்து குடியேறியவர்களின் மகள்.

2019ல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக முதலாண்டு மாணவராக இருந்தபோது, டியூக் அணிக்கு எதிராக ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் 19 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தார். அதைத் தொலைக்காட்சியில் பார்த்தவன் நான். 2021 டிராஃப்டில் மெட்ஸ் அணி பத்தாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது, பிறகு உடற்பரிசோதனையைக் காரணம் காட்டி ஒப்பந்தம் செய்யாமல் விட்டது. மறு வருஷம் எந்தப் பெரிய அணியோடும் சேராத டிரை-சிட்டி என்ற சின்ன அணிக்கு வீசிக் காட்டினார். ரேஞ்சர்ஸ் அணி 2022ல் மூன்றாவது ஆளாக எடுத்துக்கொண்டது. 2023 தொடக்கத்தில் அவரை எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? ஹிக்கரி ஊரின் மைனர் லீக் அணிக்கு. என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்.

அப்போது அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். ஏப்ரல் குளிர், அப்பாவுக்குக் குரங்குக் குல்லாவும் சால்வையும் போட்டு அழைத்துப் போனேன். ஒலிபெருக்கியில் "குமார்" என்று கேட்டதும் திரும்பி, "எந்த ஊர்ப் பையன்டா?" என்றார். ஜார்ஜியாவில் வளர்ந்தவர், பாட்டி தாத்தா நம் நாட்டுக்காரர்கள் என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. பந்தைப் பிடிக்கும் கேட்சரின் கையுறையில் பந்து விழும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் மட்டைக்காரர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நாலாவது வரிசை. அந்தச் சத்தம் பெரிய மைதானத்தில் கிடைக்காது. வலைக்கு அந்தப் பக்கம் ஸ்லைடர் என்ற வளையும் பந்து திரும்புவது கண்ணுக்குத் தெரியும். அப்பா நாற்பது வருஷம் கிரிக்கெட் பார்த்தவர், "லெக் கட்டர் மாதிரி விழுகிறதே" என்றார்.

ஹிக்கரியில் ஆறு ஆட்டம், 28 இன்னிங்ஸ், 42 ஸ்ட்ரைக்அவுட். அடுத்த மாதமே முழங்கை அறுவை சிகிச்சை. அப்பா ஊருக்குப் போன பிறகும் போனில் முதலில் கேட்பது "குமார் கை எப்படி இருக்கிறது?" என்பதுதான். 2024 செப்டம்பர் 12, சியாட்டிலில் அவருடைய முதல் மேஜர் லீக் ஆட்டம். அப்பாவுக்கு அது வெள்ளிக்கிழமை காலை. வீடியோ அழைப்பில் என் டிவியைக் காட்டினேன். நாலு இன்னிங்ஸ், ஏழு ஸ்ட்ரைக்அவுட். ஒவ்வொன்றுக்கும் அம்மாவை அடுக்களையிலிருந்து கூப்பிட்டார்.


டர்ஹாம், வட கரோலினா

என்னுடையது சின்னது. டியூக்கில் வேலை பார்க்கிறேன். சில வருஷம் முன்பு டியூக் அணியின் உள்ளூர் ஆட்டங்கள் பல டர்ஹாம் புல்ஸ் மைதானத்திலேயே நடந்தன, அதாவது மாணவப் பையன்கள் டிரிபிள்-ஏ மைதானத்தில் ஆடினார்கள். அங்கே பார்த்தவர்களில் மேட் மெர்விஸ் எனக்குப் பிடித்தவர். பந்தும் வீசுவார், மட்டையும் பிடிப்பார். 2020ல் கொரோனாவால் டிராஃப்டை ஐந்தே சுற்றாகச் சுருக்கிவிட்டார்கள், அவரை யாரும் எடுக்கவில்லை. விடுபட்டவர்களுக்கு அந்த வருஷம் அதிகபட்சம் 20,000 டாலர்தான் தரலாம் என்று விதி. சிகாகோ கப்ஸ் அணியோடு சேர்ந்தார். 2022ல் ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ மூன்றிலும் சேர்த்து 36 ஹோம்ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி)! தினமும் இரவு நேரலை போட்டுவிட்டுப் பாத்திரம் தேய்ப்பேன். கல்லூரியில் உலோக மட்டை, அடித்தால் கணீரென்று கேட்கும். மர மட்டைக்கு வந்ததும் பலருக்கு அடி செத்துவிடும். இவருக்கு அங்கேதான் கூடியது. 2023 மே மாதம் மேஜர் லீக் ஆட சிகாகோவுக்கு அழைத்தார்கள்.


பீட்மான்ட் பகுதி, வட கரோலினா

தம்பி, உங்கள் பிட்சர் கதையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் ஒரு பையனை வீட்டிலேயே வைத்திருந்தோம்.

2018ல் பக்கத்து ஊர் சிங்கிள்-ஏ அணிக்கு வீடு தரும் குடும்பங்கள் தேவை என்று என் மகளின் பள்ளித் தோழி வீட்டில் சொன்னார்கள். மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. வந்தவன் கேட்சர். நாலு வருஷம் கல்லூரி முடித்துவிட்டு, நாற்பது சுற்று டிராஃப்டில் கடைசிப் பக்கம் எடுக்கப்பட்டவன். நாலாவது வருஷமும் முடித்தவனுக்குப் பேரம் பேச வழியில்லை. மூன்றாவது வருஷப் பையனானால் திரும்பக் கல்லூரிக்குப் போய்விடுவேன் என்று சொல்லலாம், இவனால் முடியாது. கையெழுத்துக்கு அவனுக்குச் சில ஆயிரம் டாலர்தான் கிடைத்தது.

சம்பளம் கேட்டு நான் அதிர்ந்துபோனேன். வாரத்துக்கு 290 டாலர், அதுவும் சீசன் நடக்கும் மாதங்களுக்கு மட்டும். வெளியூர் போனால் சாப்பாட்டுக்கு நாளைக்கு 25 டாலர். இரவு பதினொன்றரைக்கு வருவான். நான் சாதம், கோழிக்குழம்பு, ரெண்டு முட்டை எடுத்து மூடி வைத்துவிட்டுப் படுப்பேன். முதல் வாரம் காரத்துக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டே சாப்பிட்டான். ஜூலையில் ஊறுகாய் கேட்டான். பேருந்துப் பயணத்துக்கு எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தேன், அது கெடாது என்று. அடுத்த முறை இன்னும் நாலு பேருக்குச் சேர்த்துக் கேட்டான். ஃப்ரீசரில் என் துருவிய தேங்காய்ப் பொட்டலங்களுக்குப் பக்கத்தில் அவனுடைய முழங்கால் ஐஸ் பைகள் இருக்கும். கேட்சருக்குக் குந்திக் குந்தியே முட்டி போய்விடும்.

அவன் கல்லூரியில் ஆடியதை நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் அவன் கல்லூரி ஊரிலிருந்து வயதான தம்பதி ஒருவர் ஆறு மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். உறவு ஒன்றும் இல்லை. நாலு வருஷமும் அவன் ஆடியதைப் பார்த்தவர்கள், அவ்வளவுதான். அந்த அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார், அவனுக்கு இங்கே சாப்பாடு சரியாகக் கிடைக்கிறதே என்று. தம்பி, உங்களைப் போன்றவர்கள் எத்தனை முக்கியம் என்று எனக்கு அன்று தெரிந்தது.

மறு வருஷம் மார்ச் கடைசியில் பயிற்சி முகாமிலிருந்து அழைத்தான். "அம்மா, முடிந்துவிட்டது" என்றான். நாங்கள் சொல்லிக் கொடுத்த ஒரே தமிழ்ச் சொல் அந்த "அம்மா". இப்போது ஓர் உயர்நிலைப் பள்ளியில் பயிற்சியாளர். 2022ல் அணிகளே வீடு தர வேண்டும் என்று வந்ததும், 2023ல் ஆட்டக்காரர்கள் சங்கம் போட்ட ஒப்பந்தத்தில் சிங்கிள்-ஏ சம்பளம் வருஷத்துக்கு 26,200 டாலர் ஆனதும் அவன்தான் எனக்குச் சொன்னான். நல்லது நடந்தது என்று சந்தோஷப்பட்டான். எனக்கு மனசு கேட்கவில்லை, அது நாலு வருஷம் முன்னால் வந்திருக்கலாம்.


சான் அன்டோனியோ, டெக்சஸ்

ராலே நண்பருக்கு: நானும் என்.சி. ஸ்டேட்தான், உங்களுக்கு ஒரு வருஷம் மூத்தவன். வேலைக்காக இங்கே வந்த பிறகு 2015 வசந்தத்தில் டர்னர் எங்கள் மிஷன்ஸ் அணிக்கு, டபுள்-ஏ ஆட, வந்தார். ஆனால் அது விசித்திரமான இரண்டு மாதம். மிஷன்ஸின் மேல் அணியான பட்ரேஸ், முந்தைய டிசம்பரிலேயே அவரை வாஷிங்டன் நேஷனல்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது. டிராஃப்ட் ஆனவரை ஒரு வருஷம் மாற்றக் கூடாது என்ற விதியால் அவர் பெயர் அறிவிப்பில் இல்லை, ஆனால் ஊருக்கே தெரியும். தன்னை வேண்டாம் என்று கொடுத்துவிட்ட அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு தினமும் ஓடினார். .322 சராசரியில் அடித்தார். முகத்தில் ஒரு சுளிப்புக்கூட நான் பார்க்கவில்லை. அவர் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் விதியை மாற்றினார்கள், இப்போது அந்த வருஷ உலகத் தொடர் முடிந்ததும் மாற்றலாம். ஜூனில் கிளம்பினார், ஆகஸ்டில் வாஷிங்டன். 2019ல் உலகத் தொடர் கோப்பை.

ஒரு ஞாயிறு நான் சிவப்புத் தொப்பியோடு ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட் பக்கம் நின்றேன். பந்தில் கையெழுத்துப் போட்டுத் தரும்போது தொப்பியைப் பார்த்துத் தலையசைத்தார். பேசவில்லை, வரிசை நீளம். எனக்கு அதுவே போதும்.


ராலே, வட கரோலினா

எல்லோருக்கும் நன்றி. பீட்மான்ட் அம்மாவின் பதிவை என் மனைவிக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

தனிச்செய்தியில் இருவர் ஒரே கேள்வி கேட்டிருந்தீர்கள், பிட்சர் எந்த நாளில் வீசுவார் என்று எப்படித் தெரியும் என்று. 2021 முதல் மைனர் லீக் தொடர்கள் பெரும்பாலும் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே ஊரில் ஆறு ஆட்டம், திங்கள் விடுமுறை. அதனால் தொடக்க பிட்சர் பலர் வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார்கள். போன வாரம் புதன் வீசியிருந்தால் இந்த வாரமும் புதனைப் பாருங்கள், முந்தின நாள் அணிப் பக்கத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். கையெழுத்து வேண்டுமானால் வாயில் திறந்தவுடன் போங்கள், ஆட்டம் முடிந்த பிறகு அவர்கள் களைத்திருப்பார்கள். கல்லூரித் தொப்பி மறக்காதீர்கள்.

வரும் சீசன் முதல் வார இறுதியில் ஆட்டம் பார்க்கக் கன்னாப்போலிஸ் போகிறேன். காரில் மூன்று இடம் இருக்கிறது. சார்லட் நண்பர் அங்கேயே வந்து சேர்ந்துகொள்ளலாம், அப்பா அந்தச் சமயம் இங்கே இருந்தால் அவரையும் அழைத்து வாருங்கள். முதல் பேஸ் பக்கம், வேலியை ஒட்டி நிற்பேன்.