2022-லிருந்து காடெல்லாம் புதராகத் தெரிகிறது: சென்டினல்-2 என்டிவிஐ வரிசையில் என்ன கோளாறு?

பசுங்கோடு:
இலையுதிர் காடு, புதர்க்காடு, இருபோக வயல் மூன்றையும் பிரித்துக் காட்டும் நிலப்போர்வை வரைபடம் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். ஒரு நாள் படத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியவில்லை. மழை முடிந்த கையோடு எடுத்த படத்தில் மூன்றும் ஒரே பச்சை. அதனால் 2018 முதல் 2023 வரை சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை இறக்கி, பிக்சல் பிக்சலாக என்டிவிஐ (அண்மை அகச்சிவப்புக்கும் சிவப்புக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்த பச்சைக் குறியீடு) வரிசை போட்டேன். வருடத்துக்கு ஒரு உயர்ந்த மேடு வந்தால் காடு, இரண்டு வந்தால் வயல், தாழ்ந்த ஒற்றை மேடு என்றால் புதர். 2021 வரை அருமையாகப் பிரிந்தது.

2022 பிப்ரவரியிலிருந்து எல்லாம் படுத்துவிட்டது. காட்டின் உச்சம் 0.76 இருந்த இடத்தில் 0.48தான் வருகிறது. பாதிக் காட்டைப் புதர் என்கிறது மாடல். நான் நடந்து பார்த்த காடு அது, மரங்கள் அப்படியே நிற்கின்றன. இந்த வரைபடத்தைப் பார்ப்பவர்கள் காடு அழிந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள், அதுதான் தூங்க விடவில்லை. மேகங்களை நீக்கிவிட்டேன். வேறு எங்கே தேடுவது?

ஈரநிலம்:
மழை பொய்த்த ஆண்டாக இருக்குமோ? மோடிஸ் செயற்கைக்கோள் கருவியின் 16 நாள் என்டிவிஐயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பிக்சல் 250 மீட்டர்தான், ஆனால் 2000-லிருந்து விடாமல் கிடைக்கிறது. வறட்சி என்றால் அதிலும் சரிவு தெரிய வேண்டும்.

பசுங்கோடு:
பார்த்தேன். மோடிஸில் சரிவே இல்லை.

நிழல்மானி:
அப்படியானால் காட்டை விடுங்கள், எண்ணைப் பாருங்கள். 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 படங்களின் ஒவ்வொரு பிக்சல் மதிப்போடும் 1000 கூட்டித் தருகிறார்கள். மிக இருண்ட பரப்புகளில் பிரதிபலிப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகும்போது அந்த மதிப்பு வெட்டுப்படாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அதைக் கழித்த பிறகுதான் 10,000-ஆல் வகுத்துப் பிரதிபலிப்பைக் கணக்கிட வேண்டும். என்டிவிஐ விகிதம்தானே, வகுக்காமலே போடலாம் என்று பலர் நேரடி மதிப்பிலேயே கணக்கிடுகிறார்கள். முன்பு அது சரி. இப்போது கழிக்காமல் விட்டால் எல்லாம் குலைந்துபோகும்.

போட்டுப் பாருங்கள். காட்டு பிக்சலில் சிவப்பு 400, அண்மை அகச்சிவப்பு 3000 என்றால் 2600-ஐ 3400-ஆல் வகுக்க 0.76. இரண்டிலும் 1000 கூடினால் மேலே அதே 2600, கீழே 5400. விடை 0.48, நீங்கள் சொன்ன அதே எண்! இலை உதிர்ந்த மாதத்தில் 1200, 2200 என்று வைத்தால் 0.29 என்பது 0.19 ஆகிறது. அதாவது மேடு தாழ்வதோடு, உச்சத்துக்கும் அடிக்கும் உள்ள இடைவெளியும் 0.47-லிருந்து 0.29-ஆகச் சுருங்குகிறது. உங்கள் மாடல் காட்டையும் புதரையும் பிரிப்பதே அந்த இடைவெளியை வைத்துத்தானே.

ஆழமான ஏரி ஒன்றின் நடுவில் சிவப்புப் பட்டையின் மதிப்பைப் பாருங்கள். சில நூறுகளில் இருந்தது திடீரென்று ஆயிரத்துக்கு மேல் ஏறியிருக்கும்.

ஒன்று கவனம்: தேதியை வைத்துக் கழிக்காதீர்கள். பழைய படங்களையும் மறுபடி பதப்படுத்தி வெளியிட்டிருக்கிறார்கள், அவற்றிலும் இந்த 1000 உண்டு. கோப்புப் பெயரில் N எழுத்துக்குப் பின் வரும் நான்கு இலக்கம் 0400 அல்லது அதற்கு மேல் என்றால் கழியுங்கள். கூகுள் எர்த் எஞ்சினில் என்றால் ஹார்மனைஸ்டு (இந்த 1000-ஐ ஏற்கெனவே கழித்த) தொகுப்பை எடுத்தால் போதும்.

பசுங்கோடு:
ஏரியில் 280 இருந்தது 1270 ஆகியிருக்கிறது! கழித்து ஓட்டினேன், காடு திரும்பிவிட்டது. நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. மிக்க நன்றி. இன்னொன்று: மழைக்காலத்தில் மேகம் போக மாதத்துக்கு ஒரு படம்தான் மிஞ்சுகிறது. நேர்கோட்டில் இணைத்துவிடலாமா?

நிழல்மானி:
வயலில் வேண்டாம். முதல் போகத்தின் மேடு அந்த இடைவெளியிலேயே காணாமல் போகும். அந்த மாதங்களுக்கு சென்டினல்-1 ரேடாரைச் சேருங்கள், அது மேகத்தை ஊடுருவும். நாற்று நட்ட நீர் தேங்கிய வயல் ரேடாரில் கறுப்பாக இறங்கி, பயிர் வளர வளர வெளுக்கும். காட்டில் அந்த இறக்கம் இருக்காது.

மிஞ்சிய என்டிவிஐ புள்ளிகளுக்கு சவிட்ஸ்கி-கோலே வடிகட்டி (வளைவின் மேடுபள்ளத்தை மிருதுவாக்கும் முறை) போடும்போது வளைவை மேல் விளிம்பை ஒட்டி நிறுத்துங்கள். தப்பிய மேகமும் மேக நிழலும் மதிப்பைப் பெரும்பாலும் கீழேதான் இழுக்கும். அப்புறம், 2022-க்குப் பிந்தைய படங்களை வைத்து மாதிரிப் புள்ளிகளுக்கு வகை குறித்திருந்தால் அவற்றையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.