வலிப்பும் திறப்பும்

வெள்ளவத்தை வாசி:

மார்ச்சில் வரும் மூளை விழிப்புணர்வு வாரத்தைச் சாட்டாக வைத்து, உடற்றொழிலியல் படித்த நாங்கள் நான்கு பேர் கொழும்பில் ஒரு தமிழ்ப் பாடசாலைக்குப் போனோம். முதலில் படம் காட்டி, மூளையில் ஏறக்குறைய 8600 கோடி நரம்புக்கலங்கள் என்று விளக்கினோம். பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டார்கள், அவ்வளவுதான்.

பிறகு ஐஸ் பெட்டியைத் திறந்தோம். காலையில் இறைச்சிக்கடையில் வாங்கிய ஆட்டு மூளை. கையுறை போட்ட ஒரு பிள்ளை விரலால் மெல்ல அழுத்திவிட்டு, "வட்டிலப்பம் மாதிரி இருக்கு அக்கா" என்றாள். உடனே கடைசி வாங்கில் இருந்தவர்களும் எழுந்து வந்துவிட்டார்கள்.

எல்லாம் முடிந்து கை கழுவும்போது அதே பிள்ளை பக்கத்தில் வந்து நின்றாள். தம்பிக்கு வலிப்பு வருமாம். வந்தால் அம்மம்மா அவன் கையில் திறப்பைக் (சாவியை) கொடுப்பாராம், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுமாம். "அது பிழையா அக்கா?"

மூடநம்பிக்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அம்மம்மா கண்ணால் கண்டதைத்தானே நம்புகிறார்? நரம்புக்கலங்களின் மின் சைகைகள் ஒரே நேரத்தில் கட்டுமீறிப் பாய்வதுதான் வலிப்பு. பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே அடங்கும். திறப்புக் கொடுத்தாலும் அடங்கும், கொடுக்காவிட்டாலும் அடங்கும் என்றேன். ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வைப்பது, வாயில் எதையும் வைக்காமல் விடுவது, ஐந்து நிமிடம் தாண்டினால் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைப்பது, எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

அடுத்த மாதம் மறுபடி போனபோது அவளுடைய அம்மாவும் வந்திருந்தார். கையில் தம்பியின் கிளினிக் கொப்பி.

கொட்டாஞ்சேனை ரீச்சர்:

மறுபடி போனீர்களே தங்கச்சி, அதுதான் பெரிய விஷயம். எங்கள் பாடசாலைக்கு இப்படி ஒரு குழு வந்தபோது, "ஞாபகசக்திக்கு மருந்து விற்க வந்தவங்களா மிஸ்?" என்று இரண்டு பெற்றோர் என்னிடம் கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பரீட்சை நெருங்கினால் அப்படி விற்பவர்களும் வரத்தான் செய்கிறார்கள்.

அந்தக் குழுவில் வந்த ஒரு தம்பியிடம் ஒரு மாணவன், மூளையில் பத்து வீதம்தான் பாவிக்கிறோமா என்று கேட்டான். இல்லை, முழுவதையும் பாவிக்கிறோம், நித்திரையிலும் அது வேலை செய்கிறது என்றார். அடுத்த கேள்வி, கனவு ஏன் வருகிறது? "அதற்கு இன்னும் உறுதியான விடை இல்லை, தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்." மருந்து விற்பவர் யாராவது இப்படிச் சொல்வாரா? பின்வரிசையில் இருந்த அந்தப் பெற்றோர் இருவரும் கடைசிவரை எழும்பவில்லை.