ஏறியதைவிட இறங்கியதுதான் படுத்திவிட்டது

நாலு வருஷமாக உட்கார்ந்தே வேலை. லிஃப்ட் பழுதானால் மூன்றாவது மாடி போவதற்குள் மூச்சு வாங்கும். அந்த உடம்போடு போன மாதம் ஒரு நாள் முழுக்க மலை ஏறி இறங்கிவிட்டு வந்தேன். போக வர 16 கிலோமீட்டர், ஏற்றம் மட்டும் 1,100 மீட்டர். போகலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கூட வந்தது பெரியப்பா மகன், அண்ணன். அவனுக்கு மலை பழக்கம். முந்தின நாள் ராத்திரி ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினான். 1892-ல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன கணக்காம்: நடைக்கு மணிக்கு 5 கிலோமீட்டர், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் பாதைக்கு ஏறக்குறைய 5 மணி நேரம் வந்தது. அவ்வளவுதானா என்று எனக்குச் சந்தோஷம். "அது பழகின உடம்பு நிக்காம நடக்கிற கணக்குடா, உனக்கு ரெண்டு மடங்குக்கு மேலயே வெச்சுக்கோ" என்றான். அப்புறம், மதியம் ஒரு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும், உச்சி கண்ணுக்கு எதிரே நின்றாலும் சரி என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டான்.

காலை ஐந்தரைக்கு டார்ச் வெளிச்சத்தில் கிளம்பினோம். முதல் அரை மணி நேரத்திலேயே தப்பு செய்தேன். முன்னால் போன இளைஞர் கூட்டத்தோடு சேர்ந்து வேகமாக நடந்துவிட்டேன். நெஞ்சு அடிப்பது காதுக்குள் கேட்டது, வாய் உலர்ந்துவிட்டது. அண்ணன் நிறுத்தி, "ஒரு முழு வாக்கியம் மூச்சு விடாம சொல்லு பாப்போம்" என்றான். இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை. பேச முடிகிற வேகம்தான் நம் வேகம் என்று அங்கே வைத்துத்தான் புரிந்தது. செங்குத்தான இடத்தில் பின்காலை முட்டி மடங்காமல் நேராக ஊன்றி, எடையை ஒரு நொடி அந்தக் கால் எலும்பு தாங்கும்படி விட்டு, அதற்கப்புறம் அடுத்த அடி எடுக்கச் சொல்லிக் கொடுத்தான். பார்க்க நத்தை நடை மாதிரி இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு ஒரு தடவைகூட மூச்சுக்குத் திணறி உட்காரவில்லை. பன்னிரண்டு இருபதுக்கு உச்சி. காற்று ஜில்லென்று அடித்ததில் வியர்த்த சட்டை முதுகில் ஒட்டிக் குளிரெடுத்தது, இருபது நிமிஷத்தில் கிளம்பிவிட்டோம்.

வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் இறங்க ஆரம்பித்தேன். ஒரு மணி நேரத்துக்குள் தொடையின் முன்பக்கம் கல்லாக இறுகிவிட்டது. நின்றால் முட்டி தானாக நடுங்குகிறது, கையால் அழுத்திப் பிடித்தாலும் நிற்கவில்லை. ஏறும்போது தசை சுருங்கி நம்மைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைப் பிடித்து நிறுத்த வேண்டும், ஒவ்வொரு அடிக்கும் பிரேக் போடுவது போல. தசை நார்களில் நுண்ணிய காயம் உண்டாவது இந்த வேலையில்தான். மூச்சு வாங்காததால் சுலபம் என்று மனசு ஏமாந்துபோகிறது, கால் ஏமாறுவதில்லை. சரளைக் கல்லில் இரண்டு தடவை சறுக்கி உட்கார்ந்தேன். இரண்டாவது தடவை அண்ணன் ஒன்றும் பேசாமல் தன்னுடைய ட்ரெக்கிங் குச்சி இரண்டையும் நீட்டி என் கையில் கொடுத்தான். அதன் பிறகு ஐம்பது அடி எண்ணுவேன், நிற்பேன், மறுபடி ஐம்பது. கீழே வந்தபோது மாலை ஆறே முக்கால், வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஒரு மணி என்ற கெடு இல்லாமல் இன்னும் இரண்டு மணி நேரம் தாமதமாகத் திரும்பியிருந்தால் அந்தக் காலோடு இருட்டில் சரளையில் இறங்கியிருக்க வேண்டும். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

மறுநாள் வலி பரவாயில்லை. அதற்கடுத்த நாள்தான் நாற்காலியிலிருந்து எழக் கையை ஊன்ற வேண்டியிருந்தது. இந்த வலி 24 மணி முதல் 72 மணி நேரத்துக்குள்தான் உச்சத்துக்குப் போகுமாம், பயப்பட வேண்டாம். சிறுநீர் கருப்பாகப் போனால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

—

நீங்கள் எழுதியதில் அந்தக் கெடு விஷயம் என்னை உலுக்கிவிட்டது. நான் உச்சிக்கு 150 மீட்டர் கீழே திரும்பினவள். வயது 46, பிரசவத்துக்குப் பிறகு கூடின எடை குறையவே இல்லை. கூட வந்தவர்கள் "இதோ தெரியுதே, வாங்க அக்கா" என்று கூப்பிட்டார்கள். அழுதுகொண்டேதான் இறங்கினேன். ஆனால் பாதி வழியில் என் கால் இருந்த இருப்பைப் பார்த்தபோது, மேலே போயிருந்தால் யாராவது தூக்கித்தான் இறக்கியிருக்க வேண்டும் என்று தெரிந்தது.

அப்புறம் இரண்டு மாதம் மாடிப்படிதான். ஏறுவதைவிட இறங்குவதில் கவனம் வைத்தேன், ஒவ்வொரு படியிலும் மெதுவாக, குதிகால் தொப்பென்று விழாமல். இறக்கத்துக்கு ஒரு தடவை பழகின தசைக்கு அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலை செய்தால் காயம் ரொம்பக் குறைவு. இது எனக்கு முன்னாடியே தெரிந்திருக்கலாம். அதே மலைக்கு மறுபடி போனேன். உச்சியும் தொட்டேன். ஆனால் எனக்குப் பெருமையாக இருந்தது கீழே வந்து ஷூவைக் கழற்றும்போது கை கால் நடுங்காமல் இருந்ததுதான்.

ஒரு கேள்வி, உங்களுக்குக் கால் நகம் என்ன ஆச்சு?

—

இரண்டு கட்டைவிரல் நகமும் கருத்துவிட்டது அக்கா. இறங்கும்போது பாதம் முன்னால் சரிந்து ஷூவின் நுனியில் இடித்துக்கொண்டே வந்திருக்கிறது. இறக்கம் தொடங்கும் முன் உட்கார்ந்து, குதிகாலைப் பின்னால் தள்ளி, கணுக்கால் பக்கம் லேஸை இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். நகத்தையும் முந்தின நாளே ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். வலது நகம் நேற்று விழுந்துவிட்டது, உள்ளே புதுசு முளைத்திருக்கிறது. நீங்கள் சொன்ன மாடிப்படியை இன்று காலையில் ஆரம்பித்தேன், நாலு மாடி.