பெயரும் நிறமும் மாறிக்கொண்டே இருக்கும் அணிக்கு ரசிகர் நிலைப்பாரா?

கேள்வி: குடியாத்தத்தான்

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தத்தை ஒட்டிய எங்கள் ஊரில், பள்ளித் தேர்வுகள் முடிந்த கையோடு ஆறு அணிகள் மோதும் டென்னிஸ் பந்து கிரிக்கெட் போட்டி ஒன்றை நண்பர்கள் சிலர் சேர்ந்து நான்கு ஆண்டுகளாக நடத்திவருகிறோம். ஐபிஎல்லைப் பார்த்துத்தான் தொடங்கினோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஏலம் உண்டு, உரிமையாளர் உண்டு, அணிக்கு ஒரு நிறத்தில் ஜெர்சி உண்டு, யூடியூபில் நேரலையும் உண்டு. முதல் ஆண்டில் அணிகளுக்குத் தெருக்களின் பெயரையே வைத்தோம். செலவு கையைக் கடித்ததால், இரண்டாம் ஆண்டிலிருந்து அணியை ஏற்கும் கடையின் பெயரையே அணிக்குச் சூட்டினோம். அதனால் ஓராண்டில் நகைக்கடையாக இருந்த அணி, மறு ஆண்டில் பிரியாணிக் கடையாகவும், அதற்கடுத்த ஆண்டில் செங்கல் சூளையாகவும் ஆனது. ஒவ்வொரு உரிமையாளரும் தம் கடைப் பலகையின் நிறத்துக்கு ஏற்ப ஜெர்சியை மாற்றினார். ஆட்டக்காரர்கள் அனைவரும் ஆண்டுதோறும் புதிதாக ஏலத்துக்கு வந்தார்கள்.

பணம் வந்தது, கூட்டம் போய்விட்டது. முதல் ஆண்டு இறுதிப் போட்டியின்போது தென்னந்தோப்பு வேலி வரைக்கும் ஆட்கள் நின்றார்கள். சென்ற ஆண்டு ஆடியவர்களின் வீட்டாரும் டீக்கடைக்காரரும்தான் மிச்சம். இத்தனைக்கும் ஆட்டத்தின் தரம் கூடியிருக்கிறது. சென்ற ஆண்டு முதல் நாள் காலையில், ஏழாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் ஸ்கோர் எழுதும் மேசையருகே வந்து, "அண்ணா, போன வருஷம் நாங்க பச்சை. இந்த வருஷம் பச்சை யாரு?" என்று கேட்டான். அந்த ஆண்டு எந்த அணியும் பச்சை இல்லை. அவன் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பெரிய அணிகள் ரசிகர்களை எப்படிப் பிடித்துவைத்திருக்கின்றன, அதில் எங்களைப் போன்ற சிறிய போட்டிக்குப் பொருந்துவது எது என்பதை விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: சத்துவாச்சாரி விளம்பரக்காரன்

நண்பரே, அந்தப் பையனின் கேள்வியிலேயே உங்கள் பதிலில் பாதி இருக்கிறது. விளம்பரத் தொழிலில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் மீதியைச் சொல்கிறேன்.

ஐபிஎல் அணி ஒன்றின் வருமானத்தில் பெரும்பங்கு இந்திய கிரிக்கெட் வாரியத்தின் ஒளிபரப்பு உரிமைப் பணத்திலிருந்து வருகிறது. 2023 முதல் 2027 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு அந்த உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. அதில் ஏறத்தாழப் பாதி அணிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. ஆகவே அரங்கில் கூட்டம் குறைந்தாலும் உரிமையாளர் உடனே திவாலாகிவிட மாட்டார். உங்களுக்கு அந்த மெத்தை இல்லை. கூட்டம் இல்லையென்றால் அடுத்த ஆண்டு பிரியாணிக் கடைக்காரர் வரமாட்டார். எனவே ரசிகர் பற்று என்பது அவர்களைக் காட்டிலும் உங்களுக்குத்தான் அவசரத் தேவை.

இனி பெயர். சென்னை அணியை 2008இல் வாங்கியது ஒரு சிமெண்ட் நிறுவனம். அணியின் பெயரில் சிமெண்ட் இல்லை. ஊர் இருந்தது, மஞ்சள் இருந்தது, விசில் இருந்தது. பெங்களூரு அணியின் பெயரோ ஒரு மது வகையின் பெயரை நினைவூட்டும்படி வைக்கப்பட்டது. அதற்கும் ரசிகர் சேர்ந்தார்கள். ஆகவே பெயரில் கடை இருப்பது குற்றமில்லை. எந்தப் பெயரானாலும் அது ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்ததா என்பதுதான் கணக்கு. ஹைதராபாத்தின் டெக்கான் சார்ஜர்ஸ் 2009இல் கோப்பையையே வென்றது; 2012இல் அதன் ஒப்பந்தம் ரத்தாகி, அடுத்த ஆண்டே அந்த ஊரில் வேறு உரிமையாளர், வேறு பெயர், வேறு நிறம். இன்று பழைய அணியின் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு யாராவது மைதானத்துக்குப் போவதைப் பார்த்திருக்கிறீர்களா?

நம் மாநிலத்தின் டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) இன்னும் பொருத்தமான பாடம். 2016இல் முதல் கோப்பையை வென்ற தூத்துக்குடி அணி, பின்னாளில் சேலத்து அணியாகிவிட்டது. திருவள்ளூர் வீரன்ஸ் என்று தொடங்கிய அணி காஞ்சிக்குப் போய், அங்கிருந்து நெல்லைக்குப் போய், 2023இல் நெல்லை ராயல் கிங்ஸாக இறுதிப் போட்டி வரை வந்தது. முதல் ஆண்டில் தொண்டை வறளக் கத்திய திருவள்ளூர்க்காரர் அன்றைக்கு யாருக்குக் கைதட்டியிருப்பார்? (நம் வட ஆற்காட்டுக்கு அதில் ஓர் அணியே கிடைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஆனால் கிடைத்திருந்தால் அதுவும் இந்நேரம் எந்த ஊரில் இருந்திருக்குமோ!)

கடையின் பெயரை நெஞ்சிலும் தோளிலும் பெரிதாகப் போடுங்கள். அணியின் பெயரை விற்காதீர்கள்.

பதில் 2: ஆம்பூர் சிவப்புச் சட்டை

ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். பெயரும் நிறமும் பலகை மட்டுமே; அந்தப் பலகைக்குக் கீழே தெரிந்த முகம் ஒன்று நிற்க வேண்டும்.

நான் பெங்களூரு அணியின் ரசிகன். ஆம்பூரில் இது வியப்பில்லை. சென்னைக்குப் போகும் ரயிலும் பெங்களூருக்குப் போகும் ரயிலும் எங்கள் நிலையத்தில்தான் நிற்கின்றன, தோல் தொழிற்சாலைகளில் இரண்டு பக்கத்துக் கட்சியும் உண்டு. பதினேழு ஆண்டுகள் கோப்பையே இல்லை. "ஈ சாலா கப் நம்தே" (இந்த முறை கோப்பை நமதே) என்ற கன்னட முழக்கத்தையே எங்களைக் கிண்டலடிக்கப் பயன்படுத்தாத மஞ்சள் சட்டைக்காரர் என் வேலையிடத்தில் ஒருவர்கூட இல்லை. இருந்தும் நான் மாறாததற்குக் காரணம், 2008இல் எந்த அணியில் விராட் கோலி சேர்ந்தாரோ, 2025 ஜூன் 3ஆம் தேதி அகமதாபாத்தில் பஞ்சாபை வென்ற இரவிலும் அவர் அதே அணியில்தான் இருந்தார். அன்று அவர் கண் கலங்கியபோது, ஒன்றாகக் காத்திருந்த ஒருவர் அழுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

கொல்கத்தா ரசிகர்களை எண்ணிப் பாருங்கள். 2024இல் கோப்பையை வாங்கித் தந்த அணித்தலைவர் ஸ்ரேயஸ், அடுத்த ஏலத்தில் 26.75 கோடிக்குப் பஞ்சாப் போய்விட்டார். கணக்குப் போட்டால் அது சரியான முடிவாகவே இருக்கலாம். ஆனால் ரசிகன் கணக்குப் பிள்ளை இல்லையே! 2023 டிசம்பரில் மும்பையில் ரோகித்தை விட்டுவிட்டு ஹார்திக்கைத் தலைவராக்கியபோது, மறு சீசனில் சொந்த வான்கடே மைதானத்திலேயே ஹார்திக்குக்கு எதிராகக் கூச்சல் எழுந்தது.

நீங்களோ எல்லா ஆட்டக்காரர்களையும் ஒவ்வோர் ஆண்டும் கலைத்துப் போடுகிறீர்கள். அணிக்கு மூன்று பேரையாவது ஏலத்துக்கு விடாமல் தக்கவைக்க அனுமதியுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் வென்ற மறுநாள், ஜூன் 4 அன்று, சின்னசாமி மைதானத்துக்கு வெளியே நெரிசலில் பதினொரு பேர் இறந்தார்கள். என் பக்கத்து வீட்டுப் பையன்களும் அன்று பெங்களூரில்தான் இருந்தார்கள். மாலை வரை போன் எடுக்கவில்லை. கூட்டத்தைக் கூட்டுவது எப்படி என்று கேட்கிறவர், கூடிய கூட்டம் எந்த வழியாக உள்ளே வந்து எந்த வழியாக வெளியேறும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

பதில் 3: காட்பாடி ஓய்வூதியர்

தம்பிகள் இருவரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் சற்று மாறுபடுகிறேன்.

2023 ஐபிஎல் இறுதிப் போட்டியைக் காட்பாடியில் என் தங்கை வீட்டில் பார்த்தோம். மழையால் நள்ளிரவைத் தாண்டி நடந்த ஆட்டம். சென்னை அணியின் பதினொருவரில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரும் இல்லை. எதிரணியான குஜராத்தில் நின்றுகொண்டு நம் பந்துவீச்சைக் கிழித்து 47 பந்துகளில் 96 ரன் எடுத்தவரோ சென்னைப் பையன் சாய் சுதர்சன். அவர் ஒவ்வொரு பந்தையும் எல்லைக்கு அனுப்பும்போது என் மைத்துனர் "நம்ம பையன் எப்படி அடிக்கிறான் பார்" என்று முதலில் பூரித்து, பிறகு "ஐயோ, போதும்டா" என்று தலையில் கைவைத்தார். கடைசி இரண்டு பந்துகளில் ஜடேஜா சிக்ஸரும் பவுண்டரியும் அடித்ததும் வீடே எழுந்து ஆடியது. குஜராத்தில் பிறந்தவர் குஜராத் அணியைத் தோற்கடித்ததற்குக் காட்பாடியில் கொண்டாட்டம்! அந்த ஜடேஜாவும் இப்போது ராஜஸ்தானுக்குப் போய்விட்டார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பெரிய அணிகள் வெளியூர் ஆட்களை வைத்துக்கொண்டு "இது உங்கள் ஊர்" என்று நம்மை நம்பவைக்க வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் அத்தனை பாட்டு, பொம்மை, விளம்பரம். உங்களுக்கு அந்தச் செலவு தேவையே இல்லை. ஆடுகிறவன் உண்மையிலேயே அந்தத் தெருப் பையன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக, தெருக்காரனைத் தெருவிலிருந்து பிரித்து ஏலம் விட்டது நீங்கள்தான். ஐபிஎல்லில் நீங்கள் எடுத்துக்கொண்டது அதன் பலவீனமான பகுதியை.

பற்று என்பதை முழுக்க நல்லதாகவும் நான் எண்ணவில்லை. சூதாட்ட விவகாரத்தில் சென்னை அணி 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகள் விலக்கி வைக்கப்பட்டது. திரும்பி வந்த 2018இல், காவிரிப் போராட்டத்தால் உள்ளூர் ஆட்டங்கள் புனேவுக்கு மாறியபோது, சிறப்பு ரயிலேறி அங்கேயும் போனார்கள் ரசிகர்கள். அந்த அன்பு பெரிதுதான். ஆனால் "என்ன நடந்தது?" என்று நிர்வாகத்தைக் கேட்டவர்கள் அந்த ரயிலில் எத்தனை பேர்? உங்கள் போட்டியின் வரவு செலவை ஊர் நடுவில் எழுதி ஒட்டுங்கள் என்பதையும் ஒரு யோசனையாக வைக்கிறேன்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: குடியாத்தத்தான்

மூவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை குழுவைக் கூட்டி இவற்றைப் படித்துக் காட்டினேன். அணிகள் மறுபடி தெருப் பெயருக்கே திரும்புகின்றன. ஆறு நிறங்களையும் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டோம். இனி யாரும் மாற்ற முடியாது. ஒவ்வோர் அணியும் தன் தெருவைச் சேர்ந்த நான்கு பேரை வைத்துக்கொண்டு மீதிப் பேரை மட்டும் ஏலத்தில் எடுக்கும். வரவு செலவு நூலகச் சுவரில் ஒட்டப்படும். தோப்பு வேலியில் இரண்டாவது வழி திறக்கத் தோப்புக்காரர் ஒப்புக்கொண்டார்.

ஓட்டல் உரிமையாளர் ஒருவர்தான், "என் பணத்துக்கு மேட்டுத் தெரு பேர் எதுக்கு?" என்று எழுந்துவிட்டார். ஓராண்டுக்குப் பதில் மூன்று ஆண்டுகள் அதே அணியின் நெஞ்சில் அவர் கடைப் பெயர் இருக்கும், வேறு ஓட்டல் எதுவும் போட்டிக்குள் வராது என்று பேசிச் சம்மதிக்க வைத்திருக்கிறோம். முன்பணம் இன்னும் கைக்கு வரவில்லை. பச்சை மேட்டுத் தெருவுக்கு. அந்தப் பையனின் வீடும் அங்கேதான் என்று நேற்றுத்தான் தெரிந்தது. சிறுவர் அளவில் பத்து ஜெர்சி கூடுதலாகத் தைக்கச் சொல்லியிருக்கிறேன்.